முதல் பத்து கிலோமீட்டரை மட்டும் எனக்குக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. எடை 62 கிலோ. இரண்டு வருடமாக ஓடுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் என் முதல் முழு மாரத்தான். பயிற்சியில் அதிகபட்சமாக 32 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். ஆறு மாதம் முன்பு அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் முடித்தேன். அந்தக் கணக்கில் முழு மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடிக்க ஆசை. ஆனால் அந்த அரை மாரத்தான் நாளை நினைத்தால் இப்போதும் மனசு சோர்ந்துபோகிறது. வேகமாகத் தொடங்கி, பதினைந்தாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முழு நேரமும் வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. இந்த முறை ரசித்து ஓட வேண்டும். முதல் முறை ஓடுகிறவளுக்கு அது நடக்குமா? மீதியிருக்கும் வாரங்களில் ஒரு 35 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கட்டுமா? காலையிலேயே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள் என்கிறாள் தோழி, போடலாமா? கணவரும் பன்னிரண்டு வயது மகளும் வருகிறோம் என்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நடக்கும். முதல் மாரத்தானை மலர்ந்த முகத்தோடு முடித்தவர்கள் பலரை நான் பயிற்சியாளராகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எல்லாரும் வேகமாக ஓடுகிறவர்கள் இல்லை. எல்லாரும் இளவயதும் இல்லை. அவர்களுக்குள் நான் கண்ட ஒற்றுமை ஒன்றுதான். எந்த வேகம், எப்போது சாப்பாடு, எங்கே தண்ணீர், என்ன உடை என்பதையெல்லாம் முந்தின நாளே முடிவு செய்துவிட்டார்கள். அன்று தலைக்குள் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால் கண்ணும் காதும் சும்மா இருந்தன, வழியைப் பார்த்தன. நீங்கள் அரை மாரத்தானில் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு ஓடியதற்குக் காரணம் உங்கள் சுபாவம் இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் நாலரை மணி நேரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2 மணி 15 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 நொடி. நாலரை மணி நேரமும் அதே 6:24தான். கால் பிடித்துக்கொண்டு முடித்த ஒரு ஓட்டத்தின் வேகத்தை, நிறுத்தாமல் இரண்டு மடங்கு தூரத்துக்கு இழுக்கப் பார்க்கிறீர்கள். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் உங்களுக்கு 4 மணி 40 நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதுவும் நல்ல பயிற்சி, குளிர்ந்த காலை, சமமான பாதை எல்லாம் சேர்ந்தால். முதல் முறை என்பதால் நான் உங்களுக்கு 4 மணி 50 நிமிடம் என்று எழுதுகிறேன். ஐந்து மணி நேரம் ஆனாலும் அது நல்ல ஓட்டம்தான். இருபது நிமிடம் பறிபோனதாக நினைக்க வேண்டாம். அந்த இருபது நிமிடம்தான் நீங்கள் கேட்ட ரசனைக்கான இடம்.

35 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம். இன்று ஒரு நீண்ட ஓட்டம் ஓடினால் அதன் பலன் உடம்பில் சேர இரண்டு வாரமாவது ஆகும். களைப்பு மட்டும் உடனே சேர்ந்துவிடும். 32 ஓடிய கால்கள் 42 ஓடும், அதில் சந்தேகமே வேண்டாம். இனி குறைக்க வேண்டிய நேரம். டேப்பர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வழக்கமாக வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்களோ அதில் முக்கால் பங்கு இந்த வாரம், பாதி அடுத்த வாரம், கடைசி வாரம் மூன்று சிறிய ஓட்டங்கள் மட்டும். தூரத்தைக் குறையுங்கள், ஆனால் ஓடுவதை அடியோடு விட்டுவிடாதீர்கள். நடுவில் சில நிமிடங்கள் உங்கள் மாரத்தான் வேகத்திலும் ஓடுங்கள், கால் அதை மறக்காமல் இருக்க. இந்த நாட்களில் முழங்கால் லேசாக வலிக்கிற மாதிரி இருக்கும், தொண்டை கரகரக்கிற மாதிரி இருக்கும், ஓடவே மறந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். எனக்கு இன்றும் வருகிறது. ஓய்வில் இருக்கும் உடம்பு செய்கிற விஷமம் அது. ஆனால் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டால் ஓடக் கூடாது. காய்ச்சலோடு இத்தனை தூரம் ஓடுவது இதயத்துக்கு ஆபத்து. அடுத்த மாரத்தான் எங்கேயும் போய்விடாது.

அப்புறம், புதிதாக எதுவும் வேண்டாம் என்ற விதி. எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். நானும் கேட்டுவிட்டுத்தான் மீறினேன். என் முதல் மாரத்தானுக்கு பிப், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்கப் போன இடத்தில் மெத்தென்று ஒரு ஜோடி சாக்ஸ் கண்ணில் பட்டது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் இடது குதிகாலில் ஈரமாக உணர்ந்தேன். தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். முடித்துவிட்டு ஷூவைக் கழற்றினால், சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்த மாரத்தான் வீரருக்கே இது நடந்திருக்கிறது. 2015 பெர்லின் மாரத்தானில் எலியுட் கிப்சோகே புது மாதிரி ஷூ அணிந்து ஓடினார். இரண்டு ஷூவிலும் உள்தட்டு நழுவி, கணுக்கால் பக்கம் வெளியே வந்து ஆடிக்கொண்டே இருந்தது. இரத்தம் கசிந்த கால்களோடு 2 மணி 4 நிமிடத்தில் ஜெயித்தார். அவர் சமாளித்தார். நாம் சமாளிக்க வேண்டிய நிலைக்கே போக வேண்டாம். உங்கள் 32 கிலோமீட்டரை எந்த ஷூ, எந்த சாக்ஸ், எந்த உள்ளாடையோடு ஓடினீர்களோ அதே போதும். கால் நகங்களை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தின இரவு வேண்டாம். அக்குள், தொடை இடுக்கு, உள்ளாடையின் பட்டை உரசும் இடம், கால் விரல் இடைவெளி எல்லாவற்றிலும் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். உரசினால் எவ்வளவு எரியும் என்பது குளிக்கும்போதுதான் தெரியும்.

இப்போது சாப்பாடு. இதில் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். உங்கள் எடைக்கு 42 கிலோமீட்டருக்குச் சுமார் 2,600 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்க முடிகிற மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 2,000 கலோரி அளவில்தான் இருக்கும். மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரிகிற விறகு மாதிரி. வேகம் கூடக் கூட உடம்பு அதை விட்டுவிட்டு கிளைகோஜனைத்தான் கேட்கும். 30, 32 கிலோமீட்டர் பக்கம் பலர் திடீரென்று கால் நகராமல் நின்றுவிடுவது இதனால்தான். சுவரில் மோதியது போல என்று சொல்வார்கள். அந்தச் சுவர் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பது தவறு. தொடக்கத்தில் வேகத்தை அடக்கி, வழியில் நேரத்துக்குச் சாப்பிட்டால் பலருக்கு அது வருவதே இல்லை. வெறும் களைப்பு வரும். களைப்போடு ஓடலாம்.

கடைசி இரண்டு நாட்கள் தட்டில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்து அதிகமாக இருக்கட்டும். போட்டி வீரர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்று சொல்வார்கள். அதைச் சாப்பிட்டு முடிப்பதே ஒரு மாரத்தான். உங்களுக்கு 7, 8 கிராம் போதும், அதாவது நாளைக்கு 430 முதல் 500 கிராம். அதற்காக வயிறு வெடிக்க ஒரு பெரிய இரவு விருந்து வேண்டாம். வழக்கமான அளவிலேயே கொழுப்பையும் நார்ச்சத்தையும் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டினால் போதும். இந்த இரண்டு நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும், பதறாதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். வழியில் அதுவும் உங்களுக்கு உதவும். முந்தின இரவு பெரிய சாப்பாடு வேண்டாம், மதியம் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த இரவு தூக்கமும் வராது. அதற்காகக் கவலைப்பட்டு மணி பார்க்க வேண்டாம். அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

காலைச் சாப்பாடு, ஓட்டம் தொடங்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன் எதைச் சாப்பிட்டீர்களோ அதையே. ஓடும்போது, முதல் ஜெல் (சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்) 40 நிமிடத்தில், பிறகு 40 நிமிடத்துக்கு ஒன்று. மொத்தம் ஆறு. ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், உங்களுக்கு மணிக்கு 30 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். குறைகிறதைத் தண்ணீர் மேஜையில் கிடைக்கும் எலக்ட்ரோலைட் பானமோ அரை வாழைப்பழமோ சரிக்கட்டும். பசிக்கிறதா இல்லையா என்று உடம்பைக் கேட்காதீர்கள். பசி தெரிகிற நேரத்தில் தாமதமாகிவிட்டிருக்கும். வாட்ச்சில் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை அதிர்கிற மாதிரி வைத்துவிடுங்கள். அதிர்ந்தால் சாப்பிடுங்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

தண்ணீரில் உங்களைப் போன்ற புதியவர்கள் செய்யும் தவறு, குறைவாகக் குடிப்பது மட்டும் இல்லை. பயத்தில் அளவுக்கு மேல் குடித்துவிடுவதும்தான். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களிடம் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது, சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பை விடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை ஏறியிருந்தவர்களிடமும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் அது அதிகம். மெதுவாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரம் நிறைய, வியர்வை குறைவு, அதனால்தான். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் இரண்டு வாய் போதும். மேஜைக்கு வந்தால் ஓடிக்கொண்டே குடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோப்பையை வாங்கி, விளிம்பை இரண்டு விரலால் கிள்ளி மூக்கு மாதிரி ஆக்கிக்கொண்டு, முப்பது அடி நடந்தபடி நிதானமாகக் குடியுங்கள். நடப்பதால் ஒரு மேஜைக்கு ஆறேழு நொடிதான் போகும். பதினைந்து மேஜை இருந்தாலும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. தோள்பட்டை தளரும், மூச்சு இறங்கும், கோப்பையை நீட்டிய கைக்கு உரியவரின் முகமும் தெரியும்.

வலி மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். போடாதீர்கள். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நீண்ட ஓட்டத்தில் உடம்பு சூடேறி நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். சோடியம் குறைகிற பிரச்சினையையும் இவை கூட்டலாம். அது மட்டும் இல்லை, வலி உங்களுக்குச் சேதி சொல்ல வருகிறது, அதன் வாயை அடைத்துவிட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்று யார் சொல்வது? தோழி நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

முந்தின மாலை பிப்பை உடையில் குத்திவைத்துவிடுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு, உடையைப் போட்டுக்கொண்டு குத்தினால் சுருங்காமல் நிற்கும். பின்பக்கம் உங்கள் பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ஏதாவது நோய் அல்லது ஒவ்வாமை இருந்தால் அது. காலையில் ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். போனதும் கழிவறை வரிசையில் நில்லுங்கள். முடித்துவிட்டு வெளியே வந்ததும் மறுபடி அதே வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள், உங்கள் முறை வருவதற்குள் மறுபடி தேவைப்படும். குளிராக இருந்தால் ஒரு பழைய மேல்சட்டை, தொடங்கும்போது கழற்றி விட்டுவிடலாம். வெயில் கடுமையாக இருக்கும் என்று தெரிந்தால் 4:50ஐ அங்கேயே கைவிட்டுவிடுங்கள். சூட்டில் வேகத்தை விட்டுக்கொடுப்பது தோல்வி இல்லை. அதைச் செய்யாதவர்களைத்தான் மருத்துவக் கூடாரத்தில் பார்க்கிறோம். தொடக்கக் கோட்டில் முன்னால் போய் நெருக்க வேண்டாம். உங்கள் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் நேரம் பதிகிற சிப்பில் தொடங்கும்.

இனிதான் நான் உங்களிடம் கேட்கிற விஷயம். முதல் பத்து கிலோமீட்டரை மட்டும் எனக்குக் கொடுங்கள். மீதி 32ல் நான் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன்.

அந்தப் பத்து கிலோமீட்டரில் எல்லாமே உங்களை வேகமாக ஓடச் சொல்லும். மூன்று வாரம் ஓய்வெடுத்த கால்கள், நிறைந்த கிளைகோஜன், மேளச் சத்தம், சுற்றிலும் ஆயிரம் பேர். 6:10 வேகத்தில் ஓடுவீர்கள், உடம்பு அதை 7:00 என்று சொல்லும். அன்று காலை உடம்பு சொல்வதை நம்ப வேண்டாம். முதல் ஐந்து கிலோமீட்டர் 7:05 வேகத்தில். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர் தாண்டுவார், எழுபது வயதுக்காரர் தாண்டுவார், கோமாளி வேஷம் போட்டவர் தாண்டுவார். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் உடைந்தால் இன்னும் குறையுங்கள். ஐந்துக்கு அப்புறம் 6:50க்கு வந்து, அங்கேயே 35 வரை. இந்தக் கணக்கில் கடைசி வரை போனாலே 4 மணி 49 நிமிடம் 35 நொடி வரும். உங்கள் நேரத்துக்குப் பேசர், அதாவது குறித்த நேரத்தில் முடிக்கிற மாதிரி கொடியோடு ஓடும் வழிகாட்டி, இருந்தால் அவருடைய கொடிக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள், வேகத்தைப் பார்க்கும் வேலையும் உங்களுக்கு இல்லாமல் போகும்.

உலகச் சாதனைகளே இப்படி வந்திருக்கின்றன. 2023 சிகாகோ மாரத்தானில் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2:00:35ல் ஓடியபோது முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 நொடி, இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 நொடி. அந்த வேகத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சேமித்து வைத்துப் பிற்பாதியில் செலவழிக்கிற பழக்கத்துக்குச் சம்பந்தம் உண்டு.

ஒரு வருடம் நான் ஓடாமல், 36வது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜையில் நின்றேன். பயிற்சியாளராக நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த நாலு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதுதான். முதல் பத்தை எப்படி ஓடினார் என்பது, என்னை நோக்கி வருகிறவரின் கண்ணிலேயே தெரிந்தது. வேகமாகத் தொடங்கியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நெற்றிப் பொட்டில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார்கள், தண்ணீர் தளும்பும், என்னைப் பார்க்க மாட்டார்கள். ஒரு இளைஞர் கீழே விழுந்த ஜெல்லை எடுக்கக் குனிய முடியாமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்து, முனையைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். இன்னும் சிலர், அவர்களும் களைத்தவர்கள்தான், தலை நிமிர்ந்து வந்து, ஒரு கையால் கோப்பையை வாங்கி, என் கண்ணைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா நின்று, "நீங்க காலையிலிருந்து நிக்கிறீங்களே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். 36 கிலோமீட்டர் ஓடிவந்தவர் அப்படிக் கேட்டதை நான் மறக்கவே இல்லை. நீங்கள் கேட்கிற ரசனை அதுதான் என்று நினைக்கிறேன். வழி நெடுக இன்பமாக இருப்பது இல்லை. இன்னொரு மனுஷரைப் பார்க்கிற அளவுக்கு உள்ளே கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பது.

வாட்ச்சைப் பற்றி ஒன்று. மாரத்தான் பாதையை அளப்பவர்கள், வளைவுகளில் உள்ளோரமாகப் போகும் மிகக் குறுகிய வழியைத்தான் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், சேர்த்தும் வைப்பார்கள். கூட்டத்தில் யாராலும் அந்தக் கோட்டிலேயே ஓட முடியாது. அதனால் ஓடி முடிக்கும்போது உங்கள் ஜிபிஎஸ் 42.5 அல்லது 42.6 காட்டும். அந்த மிச்சத்துக்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இது தெரியாமல் கடைசியில் "வாட்ச்சில் 42 வந்துவிட்டது, கோட்டைக் காணோமே" என்று உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதையோரக் கிலோமீட்டர் பலகைகளை மட்டும் நம்புங்கள். பலகை வரும்போது ஒரு தடவை வாட்ச்சைப் பாருங்கள், அப்புறம் அடுத்த பலகை வரை அது உங்களுக்குத் தேவையில்லை. இடையில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். ரோட்டோரம் நிற்கும் குழந்தைகள் கையை நீட்டுவார்கள், தட்டிவிட்டுப் போங்கள். பிப்பில் உங்கள் பெயர் இருந்தால் முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

25க்கும் 30க்கும் நடுவில் ஒரு வெறுமை வரும். கூட்டம் குறைந்திருக்கும், முடிவு இன்னும் தூரமாக இருக்கும், எதற்காக இதைச் செய்கிறோம் என்று தோன்றும். அதோடு வாதாடாதீர்கள். ஜெல் நேரம் தாண்டிவிட்டதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும். அடுத்த பலகை வரை என்று எண்ணிக்கொண்டு ஓடுங்கள். கெண்டைக்கால் பிடிக்கிற மாதிரி இருந்தால் நின்று, சுவரிலோ கம்பத்திலோ கை வைத்து நிதானமாக நீட்டிவிட்டு, நடந்து, அப்புறம் ஓடுங்கள். போன முறை அது பிடித்தது வேகத்தால் என்றே எனக்குப் படுகிறது, இந்த முறை வராமலும் போகலாம். ஆனால் நெஞ்சு வலி, தலைசுற்றல், குழப்பம், வெயிலில் குளிர் நடுக்கம், இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். அங்கே பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

35ஐத் தாண்டிய பிறகு நான் சொன்ன வேகம் எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. தெம்பு இருந்தால் கூட்டுங்கள், இல்லையென்றால் காத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களைத் தாண்டிப் போனார்களே, அவர்களில் பலரை இங்கே ஒவ்வொருவராகத் தாண்டுவீர்கள். தாண்டும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். 42 கிலோமீட்டருக்கு அப்புறம் கடைசியாக ஒரு 195 மீட்டர் ஏன் இருக்கிறது தெரியுமா? 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்த மாடத்துக்கு முன் முடித்தார்கள். அந்தத் தூரம்தான் 1921ல் எல்லாருக்கும் பொதுவாக நிலைத்தது. அந்த 195 மீட்டரில் வாட்ச்சை நிறுத்தக் கை போகும். முடிவுக்கோட்டைத் தாண்டும் வரை தலை நிமிர்ந்தே இருங்கள், அங்கேதான் புகைப்படம் எடுப்பார்கள். தாண்டியதும் உடனே நிற்காதீர்கள், உட்காராதீர்கள். கால் தசைகள் பம்ப் செய்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று கீழேயே தங்கிவிடும். மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் ஓடும்போது விழுவதில்லை, கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுகிறார்கள். பத்து நிமிடமாவது நடங்கள், மெடலைப் போட்டுக்கொண்டு நடங்கள், உப்பும் இனிப்பும் கலந்து ஏதாவது கொறித்துக்கொண்டு நடங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர்கள். வரச் சொல்லுங்கள். நீங்கள் ஓடி முடிப்பதை மகள் பார்த்தாலும் சரி, ஓரிடத்தில் நின்று கண் கலங்கி மறுபடி ஓடத் தொடங்குவதைப் பார்த்தாலும் சரி, அவளுக்கு அது நல்ல காட்சிதான். ஆனால் முதலில் அவர்களை முடிவுக்கோட்டுக்கு அனுப்ப வேண்டாம். அங்கே கூட்டம் அதிகம், உங்களை அவர்கள் கண்டுபிடிப்பதே கஷ்டம், நீங்களும் எப்படியும் முடித்துவிடுவீர்கள். 34, 35வது கிலோமீட்டரில் நிற்கட்டும். எந்தப் பக்கம், எந்தப் பலகைக்குப் பக்கத்தில் என்று வரைபடத்தில் குறித்து, நீங்கள் வரும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் சொன்ன வேகத்தில் ஓடினால் தொடங்கி நாலு மணி நேரத்தில் அங்கே இருப்பீர்கள். கடைசி ஜெல் மகள் கையில் இருக்கட்டும். அன்று காலையிலிருந்து அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பாள், பாருங்கள். வாங்கும்போது பத்து நொடி நின்று அவளோடு பேசுங்கள். அப்புறம் அவர்கள் முடிவுக்கோட்டுக்குப் போகட்டும். கணவரிடம் ஒரு பையில் காய்ந்த சட்டை, துண்டு, செருப்பு மூன்றும் இருக்கட்டும். கால் வீங்கியிருக்கும், அதனால் வார் இறுக்காத பழைய செருப்பாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.